தலைகீழாக மாடியேறிய ஃபிரிட்ஜ்

புகைப்படத்தில் இருந்தவர் சார்ஜென்ட்தான். அது நான் இல்லை என்று காலையிலிருந்து சாதித்துக்கொண்டிருந்தவரும் சார்ஜென்ட்தான்.

படத்தில் அவர் மாடிப்படியின் நடுவில் நின்றார். முதுகில் ஆளுயர ஃபிரிட்ஜ் பெட்டி. ஒரு கை பெட்டியைப் பிடித்திருக்க, இன்னொரு கை ஒய்யாரமாக இடுப்பில். மீசைக்குக் கீழே பல்வரிசை முழுவதும் தெரிந்தது.

“இடுப்பு போனவர் மாதிரியே இல்ல சார்,” என்றான் ஒட்டடை. “ஃபிரிட்ஜ் வாங்கினா நீங்க இலவசம்னு போட்ட விளம்பரம் மாதிரி இருக்கு.”

திருத்தக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் டீ போட எழுந்து போனான்.

திருத்தக்கா இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறியிருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்து, ஒரு குடும்பத்தையே காப்பாற்றியவர். அச்சகத்தை மூடிய பிறகும் அவர் கண் ஓயவில்லை. தையல் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். ஒட்டடை அவருடைய உதவியாளன். முன்பு கூரியர் வண்டி ஓட்டியவன். அவனுடைய நிஜப் பெயர் வங்கிக்கு மட்டும் தெரியும். உயரமும் பருமனும் ஒட்டடைக்குச்சிதான் என்பதால் மற்றவர்களுக்கு ஒட்டடை.

சார்ஜென்ட் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். படையில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஒரு மலைப்பாதையில் லாரி உருண்டது. லாரியை மறுநாளே தூக்கி நிறுத்திவிட்டார்கள். சார்ஜென்ட்டின் இடுப்பில் நழுவிய இரண்டு முதுகெலும்பு வட்டுகள்தான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பள்ளி வேன் ஓட்டினார். கிளட்ச் மிதிக்கும் கால் மரத்துப்போக ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமல் தானே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனியும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் அந்தக் கால் தேறாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. படைவீரர் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், இது பணியில் பட்ட காயத்தால் வந்த ஊனம் என்று உதவித்தொகை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் பரிசோதனையில் நடந்ததைச் சார்ஜென்ட்டின் மனைவி சொன்னார். எவ்வளவு தூரம் குனிய முடிகிறது என்று டாக்டர் கோணமானி வைத்து அளந்தாராம். அந்த டாக்டர் ஒரு மேஜர் என்பது சார்ஜென்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. மேஜர் குனியச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு கால் கட்டைவிரலையே தொட்டுவிட்டார். ‘குனிவதில் குறையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேஜர். வாசல்வரை விறைப்பாக நடந்துபோன சார்ஜென்ட்டை டாக்ஸியில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நாலு நாள் படுக்கை.

மேல்முறையீடு செய்தார்கள். விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது இந்தப் படத்தின் நகலோடு மேல்முறையீட்டை விசாரிக்கும் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தனி ஆளாக ஃபிரிட்ஜைச் சுமந்து மாடியேறுவது தெளிவாகத் தெரிகிறது. நேரில் விளக்கம் தராவிட்டால் மனு தள்ளுபடி. விசாரணை இன்று மதியம் மூன்று மணிக்கு. அதற்கு மேல் முறையிட இடமில்லை.

கீழ் வீட்டுக்காரன் வேலைதான் இது என்றார் சார்ஜென்ட். தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்காக இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன்னைப் போலவே ஒருவனைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்திருக்கிறான் என்றார்.

மனைவி படத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினார். “சட்டை உங்களோடதுங்க. மேல இருந்து மூணாவது பட்டன் பச்சை. வெள்ளை கிடைக்கலன்னு நான்தான் தைச்சேன்.”

“பச்சை பட்டன் உலகத்துல என்கிட்ட மட்டும்தான் இருக்கா?”

“மீசை?” என்றான் டீயோடு வந்த ஒட்டடை. சார்ஜென்ட் காதுமடல் சிவந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

திருத்தக்கா மேற்கொண்டு அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் எப்போது வாங்கியது என்று மனைவியிடம் கேட்டார். எட்டு மாதம் ஆகிறது, தங்கை பிரசவத்துக்காகத் தான் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தபோது கடைக்காரர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்றார் மனைவி. திருத்தக்கா தம்பதியை இரண்டரை மணிக்கு நேராக விசாரணை அலுவலகத்துக்கு வந்துவிடச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் படத்தை மேஜை விளக்குக்கு அடியில் வைத்தார். “இதுல என்ன பிழை, சொல்லு.”

“மனுஷன் சொல்ற பொய்தான் பிழை. வேறென்ன?”

“பெட்டியைப் பாரு.”

பெட்டியில் இரண்டு அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அம்புக்குறிகள். இரண்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில், உடையும் பொருள் என்பதற்கு அடையாளமாகப் போட்ட கண்ணாடிக் கோப்பை, குடித்து முடித்துக் கவிழ்த்தது போலத் தலைகீழாக இருந்தது.

“ஃபிரிட்ஜைத் தலைகீழா தூக்கிட்டுப் போனா கடைக்காரங்க விடுவாங்களா? காலிப் பெட்டியா இருந்தா எப்படி வேணும்னாலும் தூக்கலாம்,” என்றார் திருத்தக்கா.

ஒட்டடை ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டான். அப்படியானால் வழக்கு முடிந்தது, குழுவிடம் போய்க் காலிப் பெட்டி என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றான். திருத்தக்கா அவனை உட்காரச் சொன்னார். காலிப் பெட்டியைத் தூக்கியவர் காலிப் பெட்டி என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, அது நானே இல்லை என்று எதற்குச் சாதிக்க வேண்டும்? அதற்கு விடை தெரியாமல் குழுவுக்கு முன்னால் போய் நின்றால், அங்கே அவர் வேறு ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

“யார் எடுத்தாங்கன்னு மொதல்ல பார்ப்போம். படிக்குப் பக்கத்துச் சுவர்ல நிழல் விழுந்திருக்கு பாரு.”

படம் எடுத்தவரின் நிழல் அது. நெற்றிக்கு முன்னால் தொப்பியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து ஏதோ வளையமாகத் தொங்கியது.

“கைப்பை,” என்றான் ஒட்டடை. “கீழ் வீட்டம்மா தொப்பி போடுவாங்களா என்ன?”

“நீ எத்தனை வருஷம் சாமான் சுமந்தே?”

அவன் இன்னொரு முறை பார்த்தான். பிறகு தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். கைப்பை இல்லை. கனமான சாமான்களைத் தூக்க இரண்டு பேர் தோளில் மாட்டிக்கொள்ளும் பெல்ட். படம் எடுத்தவர் ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கிய ஆள்.

கடையின் கிடங்கு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வாஷிங் மெஷின்கள் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசை கட்டி நின்ற இடத்துக்குப் பின்னால், தொப்பி போட்ட ஒருவர் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். திருத்தக்கா படத்தை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

“இடுப்பு பிடிச்சுக்கிட்ட சார்தானே? இப்ப எழுந்துட்டாரா?”

எட்டு மாதத்துக்குப் பிறகும் மனிதருக்கு அந்தக் கவலை தீரவில்லை. வேனின் பின்பலகையில் உட்கார்ந்து அவர் கதையைச் சொன்னார். இவரும் கூட்டாளியும் பெல்ட் மாட்டி ஃபிரிட்ஜை மாடி சமையலறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சார்ஜென்ட் கை வைக்கவே இல்லை. பீரங்கியை நகர்த்துவது போல ஓரமாக நின்று உத்தரவு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, காலிப் பெட்டியை எடுத்துப் போகப் போனவரை நிறுத்தி, தன் போனைக் கையில் கொடுத்து, பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல இருந்தது. மூன்றாவது பிரமாதம்.

“எடுத்தாச்சு சார், இறக்கி வைங்கன்னேன். அவரு சிரிச்சது சிரிச்சபடியே நிக்கிறாரு. அசையல. அப்புறம் பல்லைக்கூட மூடாம மெதுவா சொன்னாரு, ‘பெட்டி கிடக்கட்டும் தம்பி, மொதல்ல என்னை இறக்கு’ன்னு.”

காலிப் பெட்டிக்கே அந்த இடுப்பு பூட்டிக்கொண்டுவிட்டது. பெட்டியைப் பிரித்துப் படி திரும்பும் இடத்தில் மெத்தை போல விரித்து, அதன்மேல் அவரைப் படுக்கவைத்தார்கள். இடம் குறுகல். மாடியில் இருந்த கூட்டாளி கீழே வரவேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். படைவீரரைத் தாண்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் அவன் மேலே நின்றான், இவர் கீழே நின்றார், சார்ஜென்ட் நடுவில் படுத்தபடி படையில் நடந்த கதைகளைச் சொன்னார்.

“அதனால அடுத்த வீட்டுக்கு லேட்டு,” என்றார் தொப்பிக்காரர். “மேற்பார்வையாளர் நம்பமாட்டாருன்னு அதையும் என் போன்ல ஒரு படம் எடுத்து வச்சேன்.”

திருத்தக்காவின் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஒட்டடை அந்தப் படத்தைக் காட்டச் சொல்லிப் போனை எட்டிப் பார்த்தான்.

மேற்பார்வையாளர் நம்பாத ஆள் மட்டுமல்ல, எதையும் தூக்கிப் போடாத ஆளும்கூட. எட்டு மாதத்துக்கு முந்தைய டெலிவரி பதிவேட்டை எடுத்து வைத்தார். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: ‘வாடிக்கையாளர் இடுப்புப் பிடிப்பால் படியில் படுத்திருந்தார். வழி இல்லை. படம் பார்வையிடப்பட்டது.’ கீழே தேதி, நேரம், கையெழுத்து, கடை முத்திரை. பதிவேட்டின் நகலும், படத்தின் நகலும், தொப்பிக்காரர் கைப்பட எழுதிய ஒரு பக்கமும் ஓர் உறைக்குள் போயின.

“அக்கா, அவர் மனுவைக் கவிழ்க்கப் பார்த்த படத்தை எடுத்தவரே இப்ப அவரைக் காப்பாத்தப்போறாரு,” என்றான் ஒட்டடை, வண்டியை உதைத்துக் கிளப்பியபடி. “ஆனா அதைக் குழுவுக்கு அனுப்பினது யாரு? படம் அவர் போன்லதானே இருந்துச்சு?”

இரண்டரை மணிக்கு விசாரணை அலுவலகத்தின் நீண்ட நடையில் சார்ஜென்ட் சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்து பெஞ்சில் மனைவி. அவருக்குப் பக்கத்தில் கோட்டு முழுவதும் பதக்கம் குத்திய ஒருவர். அவர் சார்ஜென்ட்டின் படைப்பிரிவில் வயர்லெஸ் பார்த்தவர், சாட்சி சொல்ல ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார் என்று மனைவி அறிமுகம் செய்துவைத்தார். எல்லோருக்கும் அவர் ரேடியோ. அவரும் சார்ஜென்ட்டும் மட்டும் ஒருவருக்கொருவர் மாப்ளே.

மனுதாரரின் பிரதிநிதி என்ற முறையில் திருத்தக்கா கோப்பைப் பார்க்கக் கேட்டார். எழுத்தர் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். அந்தப் படம் தனியாக இல்லை. நாலு பக்கக் கடிதம் ஒன்றின் பின்னால் ஊசி குத்தியிருந்தது. கடிதத்தின் தலைப்பு: ஆதரவுக் கடிதம். மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடிட்ட வரிகள். ‘இப்படிப்பட்ட இடுப்பை வைத்துக்கொண்டும் ஃபிரிட்ஜையே சுமந்து மாடியேறுகிற இந்த வீரனுக்கு உதவாமல் வேறு யாருக்கு உதவப்போகிறீர்கள்? ஆதாரத்துக்குப் படம் இணைத்துள்ளேன்.’ கையெழுத்து, ரேடியோவுடையது.

ஒட்டடை கடிதத்தையும் பெஞ்சில் பெருமையாக உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தான். “கீழ் வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும் அக்கா. அந்த மனுஷன் மோட்டாரை மட்டும்தான் நிறுத்தினாரு.”

திருத்தக்கா சார்ஜென்ட்டையும் மனைவியையும் நடையின் கோடிக்கு அழைத்துப்போய், உறையைத் திறக்காமல், தொப்பிக்காரரைப் பார்த்துவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார். சார்ஜென்ட்டின் தோள் இறங்கிவிட்டது. பழைய படைப்பிரிவு நண்பர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறதாம். ஒருவர் மலையுச்சியில் நிற்பார். ஒருவர் ஆற்றை நீந்திக் கடப்பார். ரேடியோ தினமும் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டு, மாப்ளே நீ எப்படி இருக்கே என்று கேட்பார். எத்தனை நாளைக்குத்தான் பதில் சொல்லாமல் இருப்பது. மனைவி ஊரில் இல்லாத நாளில் வீட்டுக்குள் ஒரு பெட்டி வந்தது, மூன்றாவது படம் நண்பர்களுக்குப் போனது.

“நான் படியில படுத்திருந்ததை அவர் எடுத்த படம் அந்த உறையில இருந்தா, அதை ரேடியோ முன்னாடி காட்ட வேணாம் மேடம்,” என்றார். “லாரி உருண்டப்ப என்னை முதுகுல போட்டுத் தூக்கிட்டு வந்தவன் அவன். அவன் தூக்கினது வீணாகலன்னு காட்டணும்னுதான் அதைச் செஞ்சேன்.”

அவர் மனைவி குனிந்து அவருடைய ஷூவைப் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தான் ஒட்டடை.

“எட்டு வருஷமா உங்க ஷூ லேஸை நான்தான் கட்டிவிடுறேன். என் தங்கைகிட்டகூட நான் சொன்னதில்ல,” என்றார். “நான் சொல்லக் கூடாதுன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். இன்னிக்கு நீங்க சொல்லுங்க.”

உள்ளே கூப்பிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி ஒரு டாக்டர்; மற்ற இருவரும் கோப்பிலிருந்து தலை நிமிராதவர்கள். ஃபிரிட்ஜைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் தலைவி. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும்படி திருத்தக்கா கேட்டுக்கொண்டார். மூன்று பேரும் திருப்பினார்கள். சார்ஜென்ட் வௌவால் மாதிரித் தொங்கினார். அம்புக்குறிகள் மேலே பார்த்தன. கோப்பை நிமிர்ந்தது. இடது பக்கத்தவர் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து, காலிப் பெட்டி என்றார்.

தலைவி படத்தை நேராக வைத்தார். காலிப் பெட்டி என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் காலிப் பெட்டியானாலும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு படியில் நின்று இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்க முடிகிறதே. அவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வலி இருக்கிறது என்று எப்படி நம்புவது?

உறை திருத்தக்காவின் மடியில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சார்ஜென்ட்டைத் திரும்பிப் பார்த்தார். சாட்சி நாற்காலியில் ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சார்ஜென்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேஜர் முன்னால் காட்டிய விறைப்போடு அல்ல. முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை, ஒரு மூச்சு, அதற்குப் பிறகு இடுப்பு. அதற்கு ஆகிற நேரத்தை அவர் ஒளிக்கவில்லை.

“அம்மா, அது சிரிப்பு இல்ல,” என்றார். “படம் எடுக்கிற நேரத்துல இடுப்பு பூட்டிக்கிச்சு. வாய் அப்படியே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அந்த உறையில இருக்கு. என் ஷூ லேஸைக் கட்டுறது என் சம்சாரம். எனக்குக் குனிய வராது. மேஜர் முன்னாடி குனிஞ்சது பொய்.”

உறை மேஜைக்குப் போனது. பிரித்த பெட்டியின்மேல் முழங்காலை மடக்கிப் படுத்திருந்த மனிதரின் படம் மூன்று பேர் கையிலும் மாறியது. தேதியையும் நேரத்தையும் தலைவி பதிவேட்டோடு ஒப்பிட்டார். ‘வழி இல்லை’ என்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. மேற்பார்வையாளரின் முத்திரையை வலது பக்கத்தவர் இரண்டு முறை பார்த்தார்.

அடுத்து சாட்சியைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை ரேடியோ மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“என் கடிதத்தால மாப்ளைக்குக் கஷ்டம் வந்துடுச்சு. அதுல இன்னொரு தப்பும் இருக்கு,” என்றார். “தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுற நான் சொல்றேன்னு எழுதியிருக்கேன். ஓடுறது என் பையன். நான் அவன் பின்னாடி ஸ்கூட்டர்ல தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போறேன். எனக்கு ரெண்டு முட்டியும் போய் மூணு வருஷம் ஆச்சு.”

சார்ஜென்ட் நண்பரைத் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து மட்டும் திரும்பியது. இது இந்த வழக்குக்குச் சம்பந்தமா என்று வலது பக்கத்தவர் கேட்டார். சம்பந்தம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றார் தலைவி.

கால் மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். பத்தாவது நிமிடமே எழுத்தர் உத்தரவோடு வந்தார். காயம் பணியில் பட்டது, ஊனம் உண்மையானது, படைவீரர் மருத்துவமனையில் உடனே சேர்க்க வேண்டும். அவர் மனைவி அந்தத் தாளை ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார், பிறகு திருத்தக்காவிடம் கொடுத்து எழுத்துப் பிழை எதுவும் இல்லையே என்று கேட்டார். ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஆனால் உத்தரவு செல்லும் என்றார் திருத்தக்கா.

சார்ஜென்ட் போனை எடுத்தார். எழுத்தர் திருப்பிக் கொடுத்த உறையிலிருந்த படத்தைத் தானே மறுபடி ஒரு படம் எடுத்து, நண்பர்கள் குழுவில் போட்டார். அதன் கீழே, எல்லாரும் கேட்டீர்களே, நான் இப்படித்தான் இருக்கிறேன் என்று எழுதினார். போன் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு சத்தம். மலையுச்சியில் நின்றவர் எழுதியிருந்தார். ஒட்டடை அதை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

“மாப்ளே, அந்த மலைக்கு நான் ரோப் கார்ல போனேன்.”

ரேடியோதான் முதலில் சிரித்தார். சார்ஜென்ட்டுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. போன் மறுபடி சத்தம் போட்டது, மறுபடி, மறுபடி.

“போதுங்க, சிரிக்காதீங்க,” என்றார் மனைவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. “இடுப்பு பிடிச்சுக்கும்.”

“பிடிக்கட்டும் விடு,” என்றார் சார்ஜென்ட், கண்ணைத் துடைத்தபடி. “இனிமே அதுக்கு உத்தரவு இருக்கு.”